ஆப்பிளின் தோலும் அம்மாவின் நினைவும்

கணவனை இழந்த பெண்ணுக்குக் கைம்பெண் என்றும் விதவை என்றும் பெயர் சூட்டத் தயங்காத நம் வழக்கு, மனைவியை இழந்த ஆணுக்கு அன்றாடப் பேச்சில் ஒற்றைச் சொல்லைக்கூட வைத்திருக்கவில்லை. தொல்காப்பியம் அந்நிலையைத் ‘தபுதார நிலை’ எனக் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்துப் போற்றியது. மனைவியை ஈமத்தீக்குக் கொடுத்த சேர மன்னன் ஒருவன், அவளுக்குப் பின்னும் தான் உயிர்வாழ்வதை எண்ணி நொந்து பாடிய பாட்டு புறநானூற்றில் உண்டு. பிற்காலத்தில் அச்சொல் பேச்சிலிருந்து மறைந்தது. பெயரில்லாத துயரம் பிறர் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. ‘குழந்தையின் முகத்தைப் பார்த்தாவது இன்னொருத்தியைக் கொண்டுவா’ என்னும் அறிவுரையோடு நம் ஆறுதல் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

பெயரற்ற அத்துயருக்கு ஒரு பெயர் கிடைத்த கதை என்ற முறையில்தான், 1993ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம். 2012இல் மறைந்த நோரா எஃப்ரான் இயக்கிய படம் இது. டாம் ஹாங்க்ஸ், மெக் ரயன் இருவரும் நடித்த இனிய காதற்படம் என்றே உலகம் இதைக் கொண்டாடியது. அக்கொண்டாட்டத்தில் சற்றே ஒதுங்கிப்போன ஒரு தந்தையும் மகனும் இப்படத்தில் இருக்கிறார்கள். நம் மனத்தில் தங்கியவர்கள் அவர்களே.

படம் கல்லறையில் தொடங்குகிறது. சிகாகோ நகரில் கட்டடக் கலைஞனாக இருக்கும் சாம் பால்ட்வின், புற்றுநோய்க்குத் தன் மனைவி மேகியைப் பறிகொடுத்து, மகன் ஜோனாவின் கையைப் பற்றியபடி நிற்கிறான். ஏன் இப்படி நிகழ்ந்தது என்ற கேள்விக்கு அவனிடம் விடையில்லை. விடையிருப்பதாக அவன் நடிப்பதுமில்லை. ஆறுதல் கூற வருவோர் உணவையும் அறிவுரையையும் சுமந்து வருகிறார்கள். அந்த நல்லெண்ணமே அவனுக்குப் பெருஞ்சுமையாகிறது. தெருக்கள் யாவும் அவளை நினைவூட்டும் அந்நகரை விட்டு, சியாட்டிலில் ஏரிநீரில் மிதக்கும் ஒரு வீட்டுக்கு மகனோடு குடிபெயர்கிறான்.

ஒன்றரை ஆண்டு கழிகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவில், வானொலியில் உளநல ஆலோசனை கூறும் பெண்மணி ஒருவரை எட்டு வயது ஜோனா தொலைபேசியில் அழைக்கிறான். தந்தைக்கு ஒரு புதிய மனைவி வேண்டும் என்பதே இவ்விழாவில் அவன் கேட்கும் வரம். சினமும் கூச்சமுமாகத் தொலைபேசியை வாங்கும் சாம், மெல்ல மெல்ல மனந்திறக்கிறான். நாள்தோறும் காலையில் எழுந்திருக்க வேண்டும், பகலெல்லாம் மூச்சுவிட வேண்டும், அவற்றைத் தனக்குத்தானே நினைவூட்டத் தேவையில்லாத நாள் வரும்வரை அப்படியே செய்துகொண்டிருக்க வேண்டும். இதுவே தன் திட்டம் என்கிறான். முன்பின் அறியாத பல்லாயிரவர் கேட்டுக்கொண்டிருக்க, வானொலி அவனுக்குச் சியாட்டிலின் உறக்கமற்றவன் என்று பெயர் சூட்டுகிறது. நாட்டின் மறுகோடியில் பால்டிமோரில், வேறொருவருக்கு மணம் பேசப்பட்டிருக்கும் ஆனி ரீட் என்னும் இதழாளர், காரோட்டிக்கொண்டே அக்குரலைக் கேட்டுக் கண்ணீர் உகுக்கிறாள்.

ஆயினும் படத்தின் உயிர் இக்காட்சியில் இல்லை என்பதே நம் எண்ணம். ஓரிரவு தீக்கனாக் கண்டு அலறி எழுகிறான் ஜோனா. தேற்ற வந்த தந்தையிடம், அம்மாவைத் தான் மறக்கத் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறான். சாம் அவனுக்கு வானுலகைப் பற்றி விரிவுரை செய்யவில்லை. அழாதே என்று அடக்கவுமில்லை. ஒரு முழு ஆப்பிளின் தோலையும் எங்கும் அறுந்துவிடாமல் ஒரே சுருளாகச் சீவும் கை அவளுக்கு இருந்ததென்று சொல்கிறான். அவ்வளவுதான். ஆனால் மகனுக்கு அப்போது வேண்டியிருந்தது அந்தக் கையின் நினைவே.

இவ்விடத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். தந்தைக்குப் புதிய துணை வேண்டும் என்று கேட்டவனும், அம்மாவை மறந்துவிடுவேனோ என்று அஞ்சுபவனும் ஒரே சிறுவன். இரண்டும் அவன் உள்ளத்தில் முரண்படவில்லை. பெரியவர்களாகிய நாம்தான் புதியவள் வரவேண்டுமானால் பழையவள் போகவேண்டும் என்று கணக்கிடுகிறோம். சாமும் அப்படியே எண்ணித் தவிக்கிறான். புத்தாண்டு முன்னிரவில் மேகி தன் அருகே வந்தமர்ந்து பேசுவதாகக் காணும் அவன், மறுமணத்தை ஒரு துரோகமாகவே கருதி அஞ்சுகிறான்.

இத்தனை நுட்பமாகத் தொடங்கிய படம், முடிவை நோக்கிச் செல்கையில் தன் உண்மையைத் தானே கைவிடுகிறது. ஆனியும் ஆப்பிளை ஒரே சுருளாகத் தோல் சீவுவதைக் காட்டி, இவளே அவனுக்கெனக் குறிக்கப்பட்டவள் என்று நம்மை நம்பவைக்க முயல்கிறது. இது நமக்கு உடன்பாடன்று. இறந்தவளின் கைத்திறனை வருகிறவளின் கையில் வைப்பது, இருவருக்குமே இழைக்கும் அநீதி. மேகி தனக்கேயுரிய அடையாளத்தை இழக்கிறாள். ஆனி மற்றொருத்தியின் மறுபதிப்பாகிறாள். இடையில் சாம் பழகும் விக்டோரியா என்ற பெண்ணோ, அவளுடைய சிரிப்பொலிக்காகவே நகைப்புக்குரியவளாக்கப்பட்டு ஒதுக்கப்படுகிறாள். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் சாமும் ஆனியும் கைகோக்கும் வேளையில் படம் முடிந்துவிடுகிறது. மறுநாட்காலை அந்த வீட்டில் மூவரும் எப்படி உணவருந்தினார்கள் என்ற கடினமான கேள்வி கேட்கப்படவே இல்லை.

இதற்கு முப்பது ஆண்டுகள் முன்னர், 1963இல் வின்சென்ட் மின்னெல்லி இயக்கிய ‘தி கோர்ட்ஷிப் ஆஃப் எடீஸ் ஃபாதர்’ இக்கேள்விக்குச் சற்றே அருகில் சென்றது. தாயை இழந்த சிறுவன் எடி, தொட்டியில் தன் மீன் செத்து மிதக்கக் கண்டு வீடதிர அலறுகிறான். தாய்க்காக அடக்கிவைத்த அழுகை அந்த மீனுக்காக வெடிக்கிறது. அவன் தந்தைக்குத் துணையாக விரும்பும் எலிசபெத் தொலைதூரக் குரலன்று, எதிர்வீட்டுப் பெண். சிறுவன் நோயுற்றால் வருகிறாள். தந்தையோடு வாதாடவும் செய்கிறாள். பிந்தைய படம் விதியிடம் ஒப்படைத்ததை, முந்தைய படம் அன்றாடப் பழக்கத்திடம் ஒப்படைத்தது. இரண்டாம் தாயாக வருகிறவளை நம்புவதற்கு ஒரு குழந்தைக்குத் தேவைப்படுவது அந்தப் பழக்கமே.

மரணம் பிரிக்கும்வரை என்று பீடத்தின்முன் தரப்படும் வாக்கு மரணத்தோடு நிறைவுறுகிறது. அதன்பின் மறுமணத்திற்குத் தடையில்லை என்பது பவுலடியார் காலந்தொட்டு நாம் அறிந்ததே. பிணைப்பு முடிகிறது, அன்பு முடிவதில்லை. இதை அறிந்திருந்தும் நாம் செய்வதென்ன? நவம்பர் மாதத்தில் கல்லறைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றிப் பெயர்சொல்லி மன்றாடுகிறோம். ஆனால் வீட்டில் புதிய மருமகள் காலடி வைத்ததும், முன்னவளின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைக்கிறோம். அவள் பெயரைக் குழந்தை சொன்னால் பதறி வாயைப் பொத்துகிறோம். வந்தவள் மனம் நோகுமே என்பது நாம் கூறும் காரணம். தன் தாயின் பெயரைத் தன் வீட்டிலேயே சொல்லக்கூடாதென்று கற்றுக்கொண்ட பிள்ளை, வந்தவளை எவ்வாறு அம்மா என்றழைக்கும்? ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்று நாம் எளிதாகப் பழிசுமத்தும் கசப்பில் நம் மௌனத்துக்கும் பங்குண்டு.

இப்படத்தின் குறைகளை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அந்த இரவுக் காட்சிக்காகவே, துணையை இழந்து பிள்ளையை வளர்க்கும் ஒவ்வொரு தந்தையும், அவருக்கு வரன் பார்க்க விரையும் ஒவ்வோர் உறவினரும் இதை ஒருமுறை பார்க்கலாம். இறந்த தாய் எப்படிச் சிரித்தாள், எப்படிச் சமைத்தாள் என்று பிள்ளைக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். புதிதாக வந்தவளும் அருகிலிருந்து அதைக் கேட்கக்கூடிய வீடாக அது அமையுமானால், அவ்வீட்டில் யாரும் யாரையும் வெளியேற்றத் தேவையிராது.