மானேஜரின் ஒன்பது நிமிஷம்

என் நாவல் ஒன்றில் ஒரு மானேஜர் வருகிறார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியே வேப்ப மரத்தைப் பார்த்தபடி அரைமணி நேரம் யோசிக்கிறார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி, ஒரே கையெழுத்தில் முப்பது பேரின் பிழைப்பை முடித்துவிடுகிறார். வாசகர்கள் பலர் அந்தக் கட்டத்தை மெச்சி எழுதினார்கள். காரியாலயம் அப்படித்தான் நடக்கிறதென்று நானும் நம்பியிருந்தேன். ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற கனடா தேசத்துப் பேராசிரியரின் புத்தகத்தைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

நிர்வாகிகளின் வேலை எத்தகையது என்பதைப் பற்றிய அந்த நூல் 1973-இல் வெளிவந்தது. எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது அவர் செய்த காரியம் அதற்கு அடிப்படை. ஐந்து தலைமை நிர்வாகிகளோடு, ஆளுக்கு ஒரு வாரம், கூடவே இருந்து பார்த்தார். ஒருவர் ஆஸ்பத்திரியை நடத்துகிறவர். ஒருவர் பள்ளிக்கூடங்களை நிர்வகிப்பவர். மற்ற மூவரும் கம்பெனித் தலைவர்கள். யார் வந்தார், என்ன பேசினார், எத்தனை நிமிஷம், என்ன தபால் வந்தது என்று ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டார்.

திட்டமிடுவது, ஒழுங்கு செய்வது, கட்டளையிடுவது, இணைப்பது, கண்காணிப்பது என்று நிர்வாகத்துக்கு 1916-இல் இலக்கணம் வகுத்தவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபயோல். மின்ட்ஸ்பெர்க்கின் குறிப்புகளில் அந்த அழகான வரிசையைக் காணோம். அந்த ஐவரின் காரியங்களில் பாதி, ஒன்பது நிமிஷம்கூட நீடிக்கவில்லை. ஒரு மணியைத் தாண்டியவை பத்தில் ஒரு பங்குதான். 368 பேச்சுக்களில், குறிப்பிட்ட பிரச்னை எதையும் சாராமல் பொதுவாகத் திட்டமிட்ட பேச்சு ஒன்றே ஒன்று! அச்சடித்த அறிக்கையைவிட, காதில் விழுந்த வம்பையே அவர்கள் பெரிதாக மதித்தார்கள். பெரிய முடிவு என்று நாம் நினைப்பது, பல நாட்களில் சிறுசிறு துண்டுகளாக உருவாகிறது.

இவ்வளவும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். ஆசிரியர் உட்கார்ந்தது மேஜைக்கு அந்தப் பக்கம், அதிகாரியின் அருகில். உள்ளே ஒன்பது நிமிஷம் என்று எழுதினார். அந்த ஒன்பது நிமிஷத்துக்காக வெளியே பெஞ்சியில் எத்தனை நாள் ஒரு குமாஸ்தா காத்திருந்தான் என்பது அவருடைய கணக்கில் வராது. கடிகாரம் பேச்சை அளக்கும். 'இதை இப்போது சொன்னால் கோபித்துக்கொள்வார்' என்று ஒருவன் வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுப் போவதை அது எப்படி அளக்கும்? விழுங்கிய சொல்லாலும் முடிவுகள் மாறுகின்றன.

அது நாவலாசிரியன் பார்க்க வேண்டிய இடம். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லையே! வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேப்ப மரத்தைக் கற்பனை செய்தேன். அவரோ நேரில் போய் உட்கார்ந்து, பாதியையாவது பார்த்தார்.

அந்தக் கட்டத்தை இன்று எழுதினால் ஜன்னலை எடுத்துவிடுவேன். டெலிபோன் இரண்டு முறை அடிக்கும். யாரோ எட்டிப் பார்த்து, "அந்த செக்ஷனில் வேலையே இல்லை, சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். முப்பது பெயர்கள் கொண்ட காகிதம், லீவு விண்ணப்பத்துக்கும் காப்பிச் செலவு பில்லுக்கும் நடுவே வரும். மூன்றிலும் அவர் கையெழுத்துப் போடுவார்.