வாட்ஸ் இருக்கட்டும், வளைகோடு எங்கே?

விளாத்திகுளம் பக்கம் ஒரு கோயில் கொடை. சவுண்ட் சர்வீஸ் தம்பி தானே அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயரைக் காட்டி, "ஆயிரம் வாட்ஸ் அண்ணாச்சி!" என்றார். "ஃப்ரீக்வென்ஸி ரெஸ்பான்ஸ் எப்படி?" என்று கேட்டேன். "அதெல்லாம் சூப்பரா இருக்கும்" என்று வால்யூமைத் திருகினார். வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பிப் போயின.

போட்டது காருக்குறிச்சி அருணாசலத்தின் பழைய பதிவு. 'கொஞ்சும் சலங்கை'யில் (1962) ஜானகியின் குரலோடு இழைந்த அதே நாகஸ்வரம். கோவில்பட்டியில் வாழ்ந்தவர், 1964-ல் மறைந்தார். ஆனால் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து வந்ததென்னவோ தவிலின் தொப்பி மட்டும்தான். நெஞ்சில் இடித்தது. நாகஸ்வரம் அடுத்த ஊரில் வாசித்த மாதிரி இருந்தது.

அந்தக் காலத்துக் கூம்புக் குழாயில் இதற்கு நேர் எதிர். கரிசல் காட்டைத் தாண்டி நாகஸ்வரம் வரும், தொப்பி வராது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அந்தச் சின்ன வாயில் அது எப்படி நுழையும்?

வாட்ஸ் சொல்வது பலத்தை. நியாயத்தைச் சொல்வது ஃப்ரீக்வென்ஸி ரெஸ்பான்ஸ். 20-லிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரே அளவு சிக்னல் கொடுத்தால், வெளியே வருவதும் ஒரே அளவா? ஒவ்வொன்றாக அளந்து புள்ளி வைத்துச் சேர்த்தால் ஒரு வளைகோடு வரும். நடுவில் சமதளம், இரண்டு ஓரமும் சரிவு. நடு அளவில் 70.7 சதவீதமாக வோல்டேஜ் இறங்கும் இடங்கள்தாம் எல்லைகள். அங்கே பவர் சரிபாதி.

கீழ்க்கோடியில் சரிவதற்குப் பெரும்பாலும் காரணம் கப்ளிங் கெப்பாசிட்டர். அடுத்த ஸ்டேஜின் இன்புட் ரெஸிஸ்டன்ஸ் 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.1 மைக்ரோஃபேரட் போட்டால் 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயும். 1 மைக்ரோஃபேரட் என்றால் 16 ஹெர்ட்ஸ் வரை தாராளம். சில்லறைக் காசு விஷயம், போவது தொப்பி! மேல்க்கோடிக்குக் காரணம் டிரான்ஸிஸ்டருக்குள்ளேயே இருக்கிறது. கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவிலுள்ள துளியூண்டு கெப்பாசிட்டன்ஸ், கெயினால் பெருக்கப்பட்டு இன்புட்டில் நிற்கும். 4 பிகோஃபேரட், 100 மடங்கு கெயினில் 400 ஆகிவிடும். மில்லர் விளைவு என்பார்கள். கெயினுக்குப் பேராசைப்பட்டால் உச்சஸ்தாயி கைவிட்டுப் போகும்.

வீட்டில் அளக்கப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 8 ஓம் பவர் ரெஸிஸ்டரை மாட்டுங்கள், அக்கம்பக்கம் வாழ்த்தும். இரண்டாவது, மலிவு மல்ட்டிமீட்டரின் ஏ.ஸி. ஸ்கேல் சில நூறு ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் உண்மை பேசும். அதற்கு மேல் நீங்கள் வரைவது மீட்டரின் வளைகோடு, ஆம்ப்ளிஃபயரின் வளைகோடு அல்ல. ஆஸிலோஸ்கோப் கடன் வாங்குங்கள்.

என் வருத்தம் தம்பி மேல் இல்லை. காலேஜ் ரெக்கார்டு நோட்டில் இந்த வளைகோட்டை எத்தனையோ பேர் வரைந்தோம். பாடப்புத்தகத்தில் உள்ளதுபோல அத்தனை அழகு. அளக்காமல், ஸீனியர் நோட்டைப் பார்த்து வரைந்தால் அழகுக்கு என்ன குறைச்சல்? மார்க்கும் வந்தது. படித்த நாமே அளக்காதபோது அவரை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் விஷயம் சின்னதில்லை. ராக ஆலாபனைக்குப் பேர்போன விளாத்திகுளம் சுவாமிகள் நடமாடிய மண் இது. இன்றைய பிள்ளைகளுக்கு காருக்குறிச்சி என்பது கேட்கிற சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்தை மைக், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றும் தன் வளைகோட்டால் திருத்தி அனுப்புகிறது. அவருடைய கடைசிப் பக்கவாத்தியக்காரர் நம் சவுண்ட் சர்வீஸ் தம்பிதான்.

"பேஸைக் கொஞ்சம் குறைங்க தம்பி" என்றேன். அரை மனசோடு அரைச் சுற்று குறைத்தார்.

அதுவரை பந்தல் காலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் கண்ணைத் திறந்தார். "யாரு, காருக்குறிச்சியா?"