கல்லில் வரிசை உண்டு, தேதி இல்லை

சைமன் வின்செஸ்டரின் 'தி மேப் தட் சேஞ்ச்ட் த வேர்ல்ட்' (2001) வில்லியம் ஸ்மித்தின் கதை. இங்கிலாந்தின் சாமர்செட்டில் கால்வாய் வெட்ட நிலம் அளந்தவர். பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும் களிமண் அடுக்குகளைக்கூட, உள்ளே கிடக்கும் புதைபடிவங்களை வைத்துப் பிரித்துவிடலாம் என்று கண்டுகொண்டார். 1815-ல் வரைபடம், 1819-ல் கடனுக்காகச் சிறை, 1831-ல் வொல்லஸ்டன் பதக்கம். வின்செஸ்டர் நிலவியல் படித்தவர், விறுவிறுப்பா சொல்றார்.

ஆனால் நாயகன் வளர வளர மற்றவர்கள் சுருங்கிவிடுகிறார்கள். கீழடுக்கு பழசு, மேலடுக்கு புதுசு என்று ஸ்டெனோ 1669-லேயே சொல்லியாச்சு. கூவியேவும் பிராங்னியாரும் 1811-ல் பாரிஸ் வட்டாரத்து அடுக்குகளைப் படிவங்களை வைத்து வரிசைப்படுத்தி, வரைபடத்தோடு வெளியிட்டார்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. ஸ்மித் படித்தது டைம்ஸ்டாம்ப் இல்லாத லாக் ஃபைல். எது முன்னே, எது பின்னே என்று தெரியும். எத்தனை வருஷம் என்று தெரியாது. அதற்குக் கதிரியக்கம் வர வேண்டியிருந்தது: 1911-ல் ஆர்தர் ஹோம்ஸ் யுரேனியம், ஈயம் இவற்றின் விகிதத்திலிருந்து பாறைகளின் வயதைக் கணக்கிட்டார்.

புத்தகத்தை அவசியம் படிங்க. ஆனால் வரிசை வேறு, வயது வேறு என்பதை மனசில் வெச்சுக்கிட்டுப் படிங்க.