இன்ஸ்டாலர் காட்டும் இடம் நம் பள்ளிக்குப் பொருந்துமா?



தமிழ் மென்பொருளை மதிப்பிடும்போது எழுத்துரு தெளிவா, பயிற்சிகள் பாடத்திட்டத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்கிறோம். இன்ஸ்டால் செய்யும்போது 'இந்த இடத்தில் வைக்கலாமா?' என்று ஒரு முகவரி காட்டுமே, அதை யாரும் பார்ப்பதில்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தட்டிட்டுப் போயிடுறோம். அந்த ஒரு வரியைத்தான் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

பெரும்பாலான விண்டோஸ் இன்ஸ்டாலர்கள் சி டிரைவில் உள்ள 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையைத்தான் காட்டும். அங்கே எழுத நிர்வாகி கடவுச்சொல் வேண்டும். 2007-இல் விஸ்டா வந்தபோது இந்தப் பூட்டு இறுகியது. பூட்டைக் குறை சொல்ல முடியாது. வைரஸோ மாணவரோ புரோகிராமைக் கெடுக்காமல் அதுதான் காக்கிறது. வேறு வாசலே வைக்காத இன்ஸ்டாலர்தான் குறை. ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். கடவுச்சொல் கணினித் தொழில்நுட்பரிடம் இருக்கும். அவர் பல பள்ளிகளுக்குப் போகிறவராக இருந்தால் ஆசிரியர் காத்திருக்க வேண்டியதுதான். பாடம் காத்திருக்குமா?

மாற்று வழி உண்டு. விஷுவல் ஸ்டூடியோ கோட் 2018 முதல் பயனரின் சொந்தக் கோப்புறையிலேயே இறங்கும் இன்ஸ்டாலரை முன்வைக்கிறது. கடவுச்சொல் கேட்காது. இலவசமாகக் கிடைக்கும் இன்னோ செட்டப் கருவியின் 6-ஆம் பதிப்பிலிருந்து (2019) 'எல்லாருக்குமா, எனக்கு மட்டுமா?' என்று கேட்கும் வசதி உள்ளது. ஆகவே, நம் தமிழ் மென்பொருளாளர்கள் 'அது கஷ்டம்' என்று சொல்ல முடியாது.

அதற்காக எல்லாவற்றையும் 'எனக்கு மட்டும்' என்று போடுவதும் சரியில்லை. கணினி அறையில் ஒரு கணக்கில் போட்டது அடுத்த கணக்கில் நுழையும் மாணவருக்குத் தெரியாது. ஆசிரியரின் மடிக்கணினிக்கு ஒன்று, கணினி அறைக்கு இன்னொன்று. அதனால் நல்ல இன்ஸ்டாலர் கேட்டுவிட்டுத்தான் இறங்கும்.

இரண்டாவது குறை பெரியது. சில பழைய பயிற்சி மென்பொருள்கள் மாணவர் மதிப்பெண்களையும் புரோகிராம் கோப்புறையிலேயே எழுதப் பார்க்கும். விண்டோஸ் அதைத் தடுத்து, அந்தப் பயனரின் கணக்குக்குள் 'வெர்ச்சுவல் ஸ்டோர்' என்ற மறைவான இடத்துக்குத் திருப்பிவிடும். மறுநாள் வேறு ஆசிரியர் தன் கணக்கில் திறந்தால் பட்டியல் காலி! மதிப்பெண் அழியவில்லை, ஆனால் எங்கே தேடுவது? லினக்ஸ் மரபில் புரோகிராமுக்கு ஓர் இடம், பயனரின் வேலைக்கு ஓர் இடம் என்று தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். சமையல் பாத்திரம் அடுப்படியில், பிள்ளைகளின் புத்தகம் அலமாரியில். அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாவது, நமக்கே உரிய சிக்கல். பயனர் பெயரைத் தமிழில் வைத்தால் கோப்புறைப் பெயரும் தமிழாகிவிடும். யுனிகோடுக்கு முந்தைய விண்டோஸ் குறிமுறைப் பட்டியலில் தமிழுக்கு இடமே இல்லை. அதனால் பழைய முறையில் எழுதிய புரோகிராம்களுக்குத் தமிழ்ப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும், கோப்பு திறக்காது. தமிழ் கற்பிக்கும் மென்பொருள் தமிழ்க் கோப்புறையில் படுத்துவிடுவது வெட்கப்பட வேண்டிய குறை. வெளியிடும் முன் தமிழ்ப் பெயரிட்ட கணக்கில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே போதும், தெரிந்துவிடும்.

எழுத்துருவுக்கும் இதே கதைதான். விண்டோஸ் 10-இன் 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து எழுத்துருவை நிர்வாகி இல்லாமலே தன் கணக்கில் மட்டும் சேர்க்கலாம். 'ஃபாண்ட் போட முடியலையே' என்று தொழில்நுட்பருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சில பழைய மென்பொருள்கள் மட்டும் அப்படிச் சேர்த்ததைக் காணாது.

இனி ஒரு மென்பொருளைச் சக ஆசிரியருக்குப் பரிந்துரைக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடவுச்சொல் இல்லாமல் இறங்குமா? மாணவர் வேலையைத் தனி இடத்தில் வைக்குமா? தமிழ்ப் பெயருள்ள கோப்புறையில் ஓடுமா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் தயங்காமல் அனுப்புங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் உருவாக்கியவருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். நாம் சொல்லாவிட்டால் தோட்டப் பள்ளியின் நிலை அவர்களுக்கு எப்படித் தெரியும்?