உவர் மண்ணில் தக்காளி: தரையா, தொட்டியா?

தக்காளி உப்பை ஓரளவுதான் தாங்கும். ஈரமண்ணிலிருந்து வடித்தெடுக்கும் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸ் வரை இருந்தால் விளைச்சல் குறைவதில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும் என்பது 1977இல் மாஸ், ஹாஃப்மன் இருவரும் தொகுத்த கணக்கு. 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால்தான் மண்ணியலார் ஒரு நிலத்தை உவர் நிலம் என்கின்றனர். ஆகவே உவர் என்ற பட்டியலில் நிலம் சேருவதற்கு முன்பே தக்காளியில் ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம், தூத்துக்குடி, சென்னையின் கடலோரம் போன்ற இடங்களில் வீட்டுத்தோட்டம் போடுவோர்முன் உள்ள வழிகள் இரண்டு: மண்ணைத் திருத்தித் தரையிலேயே நடுவது, அல்லது தரையைக் கைவிட்டுத் தொட்டிக்கும் பைக்கும் மாறுவது.

உப்பு செடியை மூன்று வகையில் தாக்குகிறது. மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாமல் நண்பகலில் செடி துவண்டு நிற்கிறது. சோடியமும் குளோரைடும் இலைகளில் சேர்ந்து ஓரங்களைக் கருக்குகின்றன. மூன்றாவது, காய்க்குப் போக வேண்டிய சுண்ணாம்புச் சத்து தடைபடுவது. காயின் அடிப்பக்கம் பழுப்பேறிக் குழிந்து தோல்போலக் காயும் அடியழுகல் இதனால் வருவது. பலர் இதை நோய் என்று எண்ணி மருந்து தெளிக்கின்றனர், பயன் இருப்பதில்லை.

உப்பால் ஒரு நன்மையும் உண்டு. நீர் குறைவாக ஏறுவதால் காய் சிறுக்கிறது; ஆனால் இனிப்பும் புளிப்பும் செறிகின்றன. சிசிலித் தீவின் பாக்கினோ தக்காளியும், இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் உவர்நீர் பாய்ச்சி விளைவிக்கும் தக்காளியும் இந்தச் சுவைக்காகவே பெயர் பெற்றவை. அங்கே எடையில் இழந்ததை விலையில் ஈடுகட்டுகின்றனர். கிலோ கணக்கில் விற்கும் நம் சந்தையில் அதற்கு இடம் குறைவு. வீட்டுத் தேவைக்கு வளர்ப்பவருக்கோ இது இழப்பே அன்று.

தரையில் நடுவதற்கு முன் நிலம் உவரா, களரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். உவரில் கரையும் உப்புகள் மிகுதி. நல்ல நீர் விட்டுக் கழுவினால் இறங்கிவிடும். களரில் சோடியம் மண் துகளோடு ஒட்டியிருப்பதால் மண் இறுகி, நீர் இறங்காது. அதற்கு ஜிப்சம் இட்டுச் சோடியத்தை வெளியேற்றியபின் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது வழக்கம். களருக்கு உரிய ஜிப்சத்தை வெறும் உவர் நிலத்தில் கொட்டுவது பணவிரயம். ஜிப்சமும் ஓர் உப்பே.

உவர் மண்ணைக் கழுவப் பொதுவாக மண்ணின் ஆழம் அளவுக்கு நீர் வேண்டும். ஓரடி ஆழத்து வேர்ப்பகுதிக்கு ஓரடி உயர நீர் தேங்கி இறங்கினால் உப்பில் பெரும்பகுதி கீழே போய்விடும். நாகப்பட்டினத்தில் வடகிழக்குப் பருவமழை இந்த வேலையைச் செலவின்றிச் செய்துவிடுகிறது. 2004 சுனாமியில் உப்பேறிய வயல்கள் பல அடுத்துவந்த மழைகளில்தான் தேறின. தூத்துக்குடியில் மழை ஏறத்தாழ அதில் பாதிதான் என்பதால் அதே முறை அங்கு அரைகுறையாகவே பலிக்கும். நிலத்தடி நீர் மட்டம் மிக மேலே இருந்து, வடிகாலும் இல்லையென்றால் கழுவிய உப்பு கோடையில் திரும்பி மேலேறி வெள்ளையாகப் பூக்கும்.

நடும் இடமும் முக்கியம். பார் பிடித்து நீர் பாய்ச்சும்போது உப்பு பாரின் உச்சியில் சேரும். ஆகவே நாற்றைச் சரிவில் நட வேண்டும். சொட்டுநீரில் உப்பு ஈரவட்டத்தின் விளிம்புக்கு ஒதுங்கும். சிறு தூறல் விழுந்தால் அது மீண்டும் வேருக்கு வந்துவிடும் என்பதால் தூறலின்போது சொட்டுநீரை நிறுத்தக் கூடாது. வைக்கோல் மூடாக்கு ஆவியாதலைக் குறைத்து உப்பு மேலேறுவதைத் தடுக்கிறது. தரை முறையின் பலம் அதன் விரிவு: வேர் ஆழமாகப் போகலாம், ஒருநாள் நீர் தவறினாலும் செடி பிழைக்கும். குறை என்னவென்றால் பலன் கிடைக்க ஒரு மழைக்காலமாவது ஆகும். அதுவும் ஆண்டுதோறும் தொடர வேண்டிய வேலை.

தொட்டி முறை இந்தக் காத்திருப்பை நீக்குகிறது. ஓரடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள பை சுமார் 22 லிட்டர் கொள்ளும். ஒரு தக்காளிச் செடிக்கு அது போதும். மண்கலவை நம் கையில், நூற்புழுத் தொல்லை குறைவு, வெயில் கண்ட இடத்துக்கு நகர்த்தலாம். ஆனால் தரையை விட்டால் உப்பையும் விட்டாயிற்று என்ற நம்பிக்கை தவறு. பையை நிரப்பும் தென்னை நார்க்கழிவிலேயே உப்பு இருக்கும். உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததானால் இன்னும் அதிகம். பலமுறை கழுவாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

அதைவிடப் பெரிய வாசல் பாசன நீர். மின்கடத்துதிறன் 2 டெசிசீமன்ஸ் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் உப்பு இருக்கும். நாளைக்கு 2 லிட்டர் வீதம் 90 நாள் ஊற்றினால் 180 லிட்டர். அதாவது 230 கிராமுக்கு மேல் உப்பு ஒரே பைக்குள் போகிறது. ‘நீர் வீணாகிறது’ என்று அடித்துளையிலிருந்து வடியவிடாமல் அளந்து ஊற்றுபவர் அத்தனையையும் உள்ளேயே சேர்க்கிறார். இத்தகைய நீருக்கு ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்காவது வடிந்தாக வேண்டும். 3 டெசிசீமன்ஸ் நீருக்கு மூன்றில் ஒரு பங்கு. சில வீடுகளில் ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரைச் செடிக்கு விடுவது இன்னும் தவறு. அது மூலநீரைவிட உப்பு மிகுந்தது. மாடி வெயிலில் கறுப்புப் பை சூடேறி வேரை வாட்டுவதும், ஒருநாள் நீர் தவறினாலே பூ உதிர்வதும் தொட்டியின் மற்றக் குறைகள். உப்பேறினால் உடனே கழுவிவிடலாம் என்பது மட்டும் தரைக்கு இல்லாத வசதி.

ஆக, முடிவு செய்ய வேண்டியது தரையை வைத்தன்று, நீரை வைத்தே. 100 சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் கிடைக்கும். அது மேற்கண்ட கணக்கில் ஐந்தாறு செடிகளுக்கு ஒரு பருவத்துக்கான நீர். 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு பெரும்பாலும் நீரை நிலத்துக்குள் விடுகிறது. தோட்டத்துக்கென்றால் தனியே ஒரு தொட்டி வைத்துப் பிடிக்க வேண்டும். நல்ல நீரைச் சேமிக்க முடிந்தவருக்குச் சில செடிகள் வரை பையே சிறந்தது. உவர்நீர் மட்டுமே உள்ளவர் பைக்கு மாறிப் பயனில்லை; மழை கழுவிய தரையில், மழை ஓய்ந்ததும் குளிர் மாதங்களில் காய் பிடிக்கும்படி ஒரு போகம் எடுப்பதே அவருக்கு ஏற்றது. பை வாங்குவதற்கு முன் மண்ணையும் கிணற்று நீரையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்துக்கொள்வது இரு சாராருக்கும் நல்லது.