விகர்ணன் நல்லவனா? துணைப்பாத்திரத்தை எடைபோடும் வழக்கம் குறித்து

ஆடிப்பதினெட்டன்று ஒகேனக்கல் ஆற்றங்கரைக்குச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து சாமி சிலைகளையும் வேல், வாள், சூலம் முதலிய படைக்கலங்களையும் எடுத்துவந்து நீராட்டிச் செல்லும் வழக்கத்துக்கு, பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது என்றும், படைக்கலங்களில் படிந்த குருதி அன்று ஆற்றில் கழுவப்பட்டது என்றும் மக்களிடையே ஒரு விளக்கம் வழங்குகிறது. இதற்கு வியாசரின் நூலில் சான்று தேடுவது வீண் என்றாலும், பாரதக் கதை இந்த வட்டாரத்தில் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்பதை அந்த நம்பிக்கை காட்டிவிடுகிறது. ஒகேனக்கல் அடங்கிய பென்னாகரம் வட்டத்திலும் தருமபுரி மாவட்டத்தின் பிற பகுதிகளிலும் திரௌபதி அம்மன், தர்மராஜா கோயில் விழாக்களின்போது பகலில் பாரதப் பிரசங்கமும் (வில்லிபுத்தூராரின் பாரதப் பாடல்களை இசையோடு படித்துப் பொருள் விரிக்கும் சொற்பொழிவு) இரவில் தெருக்கூத்தும் நடைபெறுவதால், பாரத மாந்தர் இங்கே ஏட்டுப் பெயர்களாக நின்றுவிடாமல், விடிந்தபின் திண்ணையில் வைத்து நல்லவன், கெட்டவன் என்று வாதிடப்படும் மனிதர்களாகவே வாழ்கிறார்கள்.

காப்பிய மாந்தரை ஒழுக்க அளவில் எடைபோடும் இந்த வழக்கத்துக்குத் தமிழில் மேடை வடிவமும் உண்டு. ஒரு பாத்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, ஒருவர் குற்றம் சாட்ட, ஒருவர் மறுக்க, நடுவர் தீர்ப்புரைக்கும் 'வழக்காடு மன்றம்' கம்பன் கழக மேடைகளின் வழியே பெருவழக்கானது. 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கழகத்தைப் பின்பற்றிப் பல ஊர்களில் எழுந்த கழகங்கள் வாலியையும் கும்பகர்ணனையும் வீடணனையும் எத்தனையோ முறை விசாரித்திருக்கின்றன. ஜப்பானிய அனிமே தொடர்களைத் தமிழ்க் குரலில் பார்த்து வளரும் தலைமுறை, கதையில் சிறிது நேரமே வந்துபோகும் ஒருவன் உண்மையில் நல்லவனா என்று மணிக்கணக்கில் வாதிடுவதும் இதே வழக்கத்தின் புதிய கிளைதான். எனினும் மேடை பெரும்பாலும் பெரிய பாத்திரங்களையே நாடுகிறது. சிறிய பாத்திரத்தின்மேல் தீர்ப்புச் சொல்வதில்தான் இந்த வழக்கத்தின் வலிமையும் பழுதும் ஒருங்கே தெரியவருகின்றன என்பதற்குக் கௌரவர் நூற்றுவரில் ஒருவனான விகர்ணன் தக்க சான்றாவான்.

விகர்ணனுக்குப் பாரதத்தில் உள்ள இடம் மிகச் சிறியது. சூதில் தோற்கப்பட்ட திரௌபதி, தன்னைப் பணயம் வைக்கத் தருமனுக்கு உரிமை உண்டா என்று அவையைக் கேட்க, பீஷ்மர் தருமத்தின் நுட்பத்தைக் காரணம் காட்டித் தெளிவான விடை கூறாமல் ஒதுங்க, மற்றவர்கள் வாய்மூடியிருக்க, திருதராட்டிரனின் மகனே எழுந்து விடை சொல்கிறான். வேட்டை, குடி, சூது, காமம் ஆகிய நான்கிலும் மூழ்கியவன் செய்யும் செயலை உலகம் செயலாகக் கொள்வதில்லை என்றும், திரௌபதி ஐவர்க்கும் பொதுவான மனைவியாதலால் ஒருவன் மட்டும் பணயம் வைக்க இயலாது என்றும், தன்னையே முதலில் தோற்றவனுக்கு அதன்பின் பிறரைத் தோற்க உரிமையில்லை என்றும், அவளைப் பணயம் வைக்கத் தூண்டியவன் எதிராடியான சகுனியே என்றும் அவன் காரணங்களை அடுக்குகிறான். அந்த அவையில் திரௌபதியின் கேள்விக்குச் சட்ட முறையில் நேரான விடை தந்த ஒரே இளவரசன் அவனே. பாரதியார் 'பாஞ்சாலி சபத'த்தின் இரண்டாம் பாகத்தில் (1924இல், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது) இந்தப் பேச்சுக்குத் தனி இடம் அளித்து, பீஷ்மர் எடுத்துக்காட்டும் சாத்திரத்துக்கு நேரெதிரான குரலாக விகர்ணனை நிறுத்துகிறார். பேச்சு முடிந்ததும் கர்ணன் எழுந்து, பெரியோர் நடுவே சிறுவன் பேசுவதா என்று அவனை அடக்கிவிட்டு, திரௌபதியின் ஆடையைக் களையச் சொல்கிறான். அதற்குப்பின் அந்த அவையில் விகர்ணனின் குரல் கேட்பதில்லை.

சிறிய பாத்திரத்தை எடைபோடுவதன் முதல் பயன் இங்கே புலப்படுகிறது. கர்ணனுக்குப் பிறப்பின் துயரம் உண்டு. ஆற்றில் விடப்பட்ட குழந்தை, தேரோட்டி வீட்டு வளர்ப்பு, குருவின் சாபம், கவசகுண்டலத்தை இழந்த கொடை, போர்க்களத்தில் தாயின் மடி என்று அவனுக்காகக் கதை நீண்டுகொண்டே போகிறது. 'கர்ண மோட்சம்' கூத்து விடியும் வேளையை நெருங்கும்போது கண்கலங்காத பார்வையாளர் அரிது. ஆனால் அந்தக் கண்ணீரை வடிப்பவர்களில் எத்தனை பேர், ஒரு பெண்ணின் ஆடையைக் களையச் சொன்ன வாயும், அவளுக்காகப் பேச எழுந்த ஒரே இளவரசனை அடக்கிய வாயும் இதே கர்ணனுடையவை என்று அந்த நேரத்தில் நினைக்கிறார்கள்? அர்ச்சுனனுக்குத் 'தபசு' உண்டு, கர்ணனுக்கு 'மோட்சம்' உண்டு; விகர்ணன் பெயரால் பரவலாக ஆடப்படும் கூத்து ஒன்றுமில்லை. மேடையில் ஒருவனுக்குக் கிடைக்கும் நேரமே அவனுடைய ஒழுக்கத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது என்பது கூறக் கசப்பான உண்மை.

இது கூத்துக்கு மட்டும் உரிய குறை எனல் பொருந்தாது. மசாஷி கிஷிமோட்டோவின் 'நருட்டோ' தொடரில் அலை நாட்டுக் கதைப்பகுதியில் மட்டும் வந்து மறையும் ஹாக்கு என்னும் பாத்திரம், கூலிக்குக் கொல்லும் சபுசாவின் கையாளாக நின்று சிறுவர்களை எதிர்த்துப் போரிடுகிறது. சாசுக்கேயைக் கொல்லாமல் கொன்றதுபோல் மயக்கத்தில் ஆழ்த்துவதும், தாயைத் தந்தையே கொன்ற இளமைக் கொடுமையைத் தானே விவரிப்பதும், இறுதியில் தன் தலைவனுக்கு விழ வேண்டிய அடியைத் தான் ஏற்று மடிவதும் பார்ப்பவரை ஹாக்குவின் பக்கம் சாய்த்துவிடுகின்றன. ஆனால் தன்னைச் சபுசாவின் கருவியாக ஒப்படைத்துவிட்ட ஒருவர், அந்தக் கருவி யாரைத் தாக்குகிறது என்ற கேள்வியையும் கூடவே கைவிட்டுவிட்டார் என்பதை அந்த நினைவோட்டக் காட்சி மறைத்துவிடுகிறது. விகர்ணனுக்கு இத்தகைய நினைவோட்டம் எதுவும் அளிக்கப்படவில்லை. அவன் இளமையும் மனைவியும் மனக்குமுறலும் நமக்குத் தெரியா. இரக்கத்தைத் தூண்டும் முன்கதை இல்லாதபோது பார்வையாளர் முன் எஞ்சுவது செயல் மட்டுமே. ஒழுக்கத் தீர்ப்புக்கு அதைவிடத் தூய்மையான நிலை கதையுலகில் கிடைப்பது கடினம்.

ஆயினும் அந்தத் தூய்மையைத் தீர்ப்புச் சொல்பவர்கள் நீண்ட நேரம் பொறுப்பதில்லை. ஏ. சி. பிராட்லி 1904இல் ஷேக்ஸ்பியரின் துன்பியல் மாந்தரை நாடகத்துக்கு வெளியிலும் வாழ்க்கையுள்ள மனிதர்களாகக் கொண்டு ஆராய்ந்தார். அந்தப் போக்கை எள்ளி, மேக்பெத் சீமாட்டிக்கு எத்தனை குழந்தைகள் என்னும் கேள்வியையே தலைப்பாக்கி எல். சி. நைட்ஸ் 1933இல் ஒரு கட்டுரை எழுதினார். பாத்திரம் என்பது சொற்களால் ஆனது, சொல்லப்படாத இடத்தில் அதற்கு வாழ்க்கை இல்லை என்பது அவர் கட்சியின் சாரம். விகர்ணனைப் பற்றி இன்று பரவலாகச் சொல்லப்படும் ஓர் உரையாடல் இந்தக் கண்டனத்துக்கு முழுதும் இலக்காகிறது: பதினான்காம் நாள் போரில் பீமன் அவனை விலகிப்போகச் சொன்னதாகவும், அன்று அவையில் அறத்தைப் பேசியது கடமை, இன்று அண்ணனுக்காகச் சாவது கடமை என்று விகர்ணன் மறுத்ததாகவும் அது செல்கிறது. வியாசரின் துரோண பருவத்தில் அவனைக் கொன்றபின் பீமன் வருந்துவது உண்டே தவிர, விகர்ணன் தன்னை விளக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. நல்லவன் என்று முன்பே முடிவு செய்துவிட்டு, அந்த முடிவுக்குத் தேவையான வாக்குமூலத்தைக் குற்றவாளியின் வாயில் திணிப்பது எந்த மன்றத்திலும் செல்லாது.

ஆனால் நைட்ஸின் கண்டிப்பை முழுமையாக ஏற்றால், எடைபோடும் வழக்கத்தையே மூட்டைகட்ட வேண்டியிருக்கும். அது தேவையற்ற கடுமை. நூல் சொல்லாததை இட்டு நிரப்பாமல், சொல்லியிருப்பதை விடாமல் எண்ணிப் பார்த்தாலே விகர்ணன் மீதான வழக்கில் போதிய சாட்சியம் கிடைக்கிறது. முதற்சாட்சி பீமன். கொன்றவனே கொல்லப்பட்டவனைத் தருமம் அறிந்தவன் என்று இரங்குவதும், நூறு பேரையும் கொல்வதாகச் செய்த சூளே இந்தக் கொலைக்குக் காரணம் என்பதும் எதிர்த்தரப்பின் சாட்சியமாதலால் கனமுடையவை. ஆயினும் அந்த இரக்கத்தில் தன் கையைத் தானே கழுவிக்கொள்ளும் முயற்சியும் கலந்திருப்பதைக் காணாமலிருக்க முடியாது. இரண்டாம் சாட்சி காந்தாரி. ஸ்திரீ பருவத்தில் களத்தில் கிடக்கும் மகனை அறிவுடையோர் மதித்தவன் என்று அவள் புலம்புகிறாள். இது தாயின் சாட்சியம் என்பது ஒருபுறமிருக்க, வில்லிபாரதம் சௌப்திக பருவத்தோடு நின்றுவிடுவதால் அந்தப் பாடல்களை மட்டும் நம்பும் பிரசங்கத்துக்கு இந்தச் சாட்சி எட்டுவதேயில்லை. மூன்றாம் சாட்சியை மேடைகள் மறந்தே போயின. கீதையின் முதல் இயலில் துரியோதனன் தன் படையின் தலைசிறந்தோரைத் துரோணருக்கு எண்ணிச் சொல்லும்போது பீஷ்மர், கர்ணன், கிருபர், அசுவத்தாமன் ஆகியோருடன் விகர்ணனையும் பெருமையோடு சேர்க்கிறான். அவையில் தன்னை எதிர்த்துப் பேசிய தம்பியின் விசுவாசத்தில் அவனுக்குக் கடுகளவும் ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. இந்தப் பாராட்டே விகர்ணனுக்கு எதிரான மிகக் கூரிய சாட்சியம்.

விகர்ணனுக்கு ஆதரவாக இன்னொரு செய்தியும் உண்டு. பாண்டவரை மீண்டும் சூதாட அழைக்கத் திருதராட்டிரன் இசைந்தபோது, வேண்டாம் என்று தடுத்துரைத்தோர் வரிசையில் விகர்ணன் பெயரும் வருகிறது. ஆகவே அவையில் அவன் பேசியது கணநேர உணர்ச்சி எனத் தள்ளிவிட இயலாது. அதே வரிசையில் யுயுத்சுவின் பெயரும் வருவதுதான் கவனிக்கத்தக்கது. யுயுத்சு, திருதராட்டிரனுக்கு வைசியப் பெண்ணிடம் பிறந்தவன், கௌரவருக்கு மாற்றாந்தாய் வழிச் சகோதரன். அந்த நாளில் ஒரே பக்கம் நின்ற இருவரில் விகர்ணன் விராடனின் ஆநிரையைக் கவரச் சென்ற கௌரவப் படையில் சேர்ந்து அர்ச்சுனனோடு பொருது, பின்னர் குருக்ஷேத்திரத்திலும் அண்ணன் கொடியின்கீழ் நின்றான். போர் தொடங்குமுன் எவரேனும் எம்பக்கம் வரலாம் என்று தருமன் உரக்க அழைத்தபோது யுயுத்சு கடந்து சென்றான். வழி திறந்திருந்தது, திறந்திருப்பது எல்லோர் காதிலும் விழுந்தது, ஒருவன் அதன் வழியே போயும் காட்டினான் என்றானபின், கட்டுண்டு கிடந்தவன் என்று விகர்ணனுக்கு வக்காலத்து வாங்குவது கடினமாகிறது. யுயுத்சுவின் பிறப்பு அவனுக்குக் குடும்பத்தில் தாழ்ந்த இடத்தையே தந்திருந்ததால் அவனுக்கு இழப்புக் குறைவு என்று வாதிடலாம். ஆனால் அதுவும் நூலின் மௌனத்தை நிரப்பும் வேலைதான்.

எனவே விகர்ணனின் பேச்சு ஐயத்துக்கு இடமின்றி நல்ல செயல். அவன் நல்லவன் என்ற தீர்ப்பு மட்டும் நிறுவப்படவில்லை. அறத்தை அறிந்து, ஒருமுறை உரக்கச் சொல்லி, மறுமுறை அறிவுரையாகச் சொல்லி, சொல் பயன்படாதபோது அதற்குமேல் எந்த விலையும் கொடுக்காதவன் என்றே சாட்சியங்கள் அவனைக் காட்டுகின்றன. அவையில் அவனுக்கு நேர்ந்த தண்டனை கர்ணனின் ஏளனம் ஒன்றுதான் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கேட்போர் மனம் விகர்ணன் பக்கமே சாய்வதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்த வழக்கத்தின் ஆழ்ந்த பழுதும் அங்கேதான் இருக்கிறது. உண்ட சோற்றுக்கு உயிரால் கடன் தீர்ப்பதைச் 'செஞ்சோற்றுக்கடன்' என்று போற்றும் மரபில், கும்பகர்ணனுக்கும் கர்ணனுக்கும் கிடைத்த மதிப்பு வீடணனுக்குக் கிடைத்ததில்லை. இதே தருமபுரி மண்ணிலும் அடுத்துள்ள செங்கம் பகுதியிலும் ஏராளமாகக் கிடைத்துள்ள நடுகற்கள், அதாவது போரில் வீழ்ந்த வீரருக்கு நடப்பட்ட நினைவுக் கற்கள், ஆநிரையை மீட்கும்போது இறந்தவனையும் கவரும்போது இறந்தவனையும் ஒருங்கே வீரனாக்குகின்றன. பூசலில் யார் பக்கம் நியாயம் என்று கல் கேட்பதில்லை, தலைவனுக்காக விழுந்தானா என்று மட்டுமே கேட்கிறது. வீரத்தை அளக்க அந்த அளவுகோல் முற்றிலும் பொருத்தமானது. அதையே அறத்தையும் அளக்கும் கோலாக எடுத்துக்கொள்ளும்போதுதான், தவறான பக்கத்தில் இறந்தவன் நல்லவனாகவும், சரியான பக்கத்துக்குக் கடந்து உயிர் பிழைத்தவன் ஐயத்துக்குரியவனாகவும் மாறிப்போகிறார்கள். போருக்குப்பின் உயிரோடு எஞ்சி, பாண்டவர் நாடு துறந்து செல்லும் வேளையில் பரீட்சித்துக்குத் துணையாக ஆட்சிப் பொறுப்பையே ஏற்ற யுயுத்சுவை எந்த மேடையும் கூண்டில் ஏற்றியதாகவும் தெரியவில்லை, விடுவித்ததாகவும் தெரியவில்லை. வழக்காடு மன்றம் விகர்ணனை விசாரிக்க முன்வருமானால், அவனை மட்டும் தனியே நிறுத்தாமல் யுயுத்சுவையும் உடன் நிறுத்துவதே நேர்மையான முறையாகும். வாய் திறந்தவனுக்கு எவ்வளவு மதிப்பு, காலை எடுத்துவைத்தவனுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நடுவர் அப்போது தப்பிக்க வழியின்றிச் சொல்லியாக வேண்டும்.