பொல்பிட்டிய ஈரத்துக்கு ஈரநீக்கி எடுபடுமா?

ஈரநீக்கி, குளிர்சாதனப் பெட்டியின் உறுப்புகளை வேறு வேலைக்குத் திருப்பிய இயந்திரம். விசிறி அறைக்காற்றை இழுத்துக் குளிர்ந்த சுருளின் மேல் விடும். காற்றிலுள்ள நீராவி துளியாகி அடித்தொட்டியில் சொட்டும். உலர்ந்த காற்று சூடான சுருளைக் கடந்து அறைக்குத் திரும்பும். ஒவ்வாமைத் தூசியை அது பிடிப்பதில்லை. முன்பக்கச் சல்லடை இயந்திரத்தைக் காக்கத்தான், மூக்கைக் காக்க அல்ல. ஆனாலும் தும்மலும் இழுப்பும் உள்ள வீடுகளுக்கு அதைச் சிபாரிசு செய்வதற்குத் தூசி உண்ணி ஒரு காரணம், பூஞ்சணம் மறு காரணம்.

தூசி உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. மெத்தையிலும் தலையணையிலும் கம்பளியிலும் உதிரும் மனிதத் தோல் செதிள்களைத் தின்று, காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சி வாழ்கிறது. சாரீரப்பதன் 50 சதவீதத்துக்குக் கீழே வாரக்கணக்கில் நின்றால் வறண்டு சாகும். பொல்பிட்டியவில் அந்த எண் தானாக வருவது அரிது. மே முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையை நேரடியாக வாங்கும் சரிவு இது. இதற்கு மேலேயுள்ள வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. லக்சபான நீரைக் கொண்டு 1969 முதல் மின்சாரம் எடுக்கும் ஊரில், அதே மின்சாரத்தைச் செலவழித்துக் காற்றிலிருந்து தண்ணீர் எடுப்பது சற்று வேடிக்கைதான்.

இயந்திரத்துக்கு முன்னால் வாங்க வேண்டியது ஈரப்பதமானி. மலிவான டிஜிட்டல் மானிகள் ஐந்து சதவீதம் முன்பின்னாகக் காட்டுவது சாதாரணம். அதைச் சரிபார்க்கச் சமையல் உப்பே போதும். சோடா மூடியில் உப்பை நிரப்பி, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சில துளி நீர் விட்டு, மானியோடு காற்றுப் புகாத பையில் இரவு முழுவதும் வைக்க வேண்டும். உள்ளே ஈரப்பதன் 75 சதவீதத்தில் நிற்கும். மானி 80 காட்டினால், பிறகு எப்போதும் ஐந்தைக் கழித்துப் படிக்க வேண்டும்.

பெட்டியில் ‘12 லீற்றர்’ என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 30 பாகையும் 80 சதவீத ஈரமும் உள்ள சோதனை அறையில் ஒரு நாளில் எடுத்த அளவு. அறை குளிரக் குளிர, காற்று உலர உலர, அது பாதியாகவும் இறங்கும். எவ்வளவு தேவை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒன்பது அடி உயரம் என்றால் சுமார் 30 கன மீற்றர் காற்று. 25 பாகையில், 90 சதவீத ஈரத்தை 50க்குக் கொண்டுவர அந்தக் காற்றிலிருந்து கால் லீற்றருக்குச் சற்று மேல் நீரை எடுத்தால் போதும். இது சின்ன வேலை. ஆனால் மணிக்கு ஒருமுறை அறைக்காற்று முழுவதும் வெளிக்காற்றாக மாறினால், அதே அளவு நீர் மணிதோறும் திரும்பி வரும். நாளுக்கு ஆறு லீற்றருக்கும் மேல். இருமுறை மாறினால் பன்னிரண்டுக்கும் மேல். சுவருக்கும் தகரக் கூரைக்கும் இடையே கை நுழையும் இடைவெளி உள்ள பழைய லயன் காம்பராவில் ஈரநீக்கி ஆற்றைத்தான் வற்றவைக்கப் பார்க்கிறது. சீலிங் அடித்து, கதவும் யன்னலும் ஒழுங்காகச் சாத்தும் படுக்கையறையில் மட்டுமே அது காசுக்கு வேலை செய்யும்.

செலவும் சிறியதல்ல. 200 வாட் இயந்திரம் நாள் முழுவதும் ஓடினால் மாதம் ஏறத்தாழ 144 அலகு. கட்டணமோ அலகு கூடக்கூடப் படி ஏறும். நனைந்த துணியை அறைக்குள் காயப்போடுவதை நிறுத்துவதும், சமைக்கும்போது படுக்கையறைக் கதவைச் சாத்துவதும் இந்தச் சுமையைக் குறைக்கும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கும் மேல் நீர் ஆவியாக வெளியேறுகிறது.

கையாளும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஓட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்த இயந்திரத்தைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே இயக்க வேண்டும். தொட்டி நிறைந்தால் தானாக நின்றுவிடும் என்பதால், குழாய் பொருத்தி நீரை வெளியே விடும் வசதி இருப்பது நல்லது. மின்தடைக்குப் பிறகு தானே மீண்டும் ஓடத் தொடங்குமா என்று கடையிலேயே பிளக்கைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். தொடுவிசை மாதிரிகள் சில அப்படியே அணைந்து கிடக்கும். விசிறியும் மோட்டாரும் இரைச்சல் போடும் என்பதால் தலைமாட்டில் வைக்கக் கூடாது. அறை ஓரிரு பாகை சூடாவது இயல்பு. ஆவி நீராகும்போது விடும் வெப்பமும் மோட்டாரின் வெப்பமும் உள்ளேயே தங்குகின்றன.

நுவரெலியாவுக்கு இதே மாதிரியை வாங்கினால் ஏமாற்றம். 1,868 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகை அளவிலான குளிரில், சுருளில் பனி படியும். இயந்திரம் பாதி நேரம் அதை உருக்குவதிலேயே கழிக்கும். அங்கே உறிஞ்சுபொருள் சக்கரத்தால் ஈரம் பிடிக்கும் வகை பொருந்தும், மின்சாரம் அதிகம் தின்றாலும். கல்சியம் குளோரைட்டு நிரப்பிய மலிவுப் பெட்டிகள் அலுமாரிக்குள் உதவும். அறைக்கு அவை யானைப் பசிக்குச் சோளப்பொரி.

உண்ணி செத்தாலும் ஒவ்வாமை உடனே தீராது. தும்மலைத் தூண்டுவது பெரும்பாலும் அதன் எச்சத்திலுள்ள புரதம்; அது மெத்தையிலேயே கிடக்கும். ஈரநீக்கி புதிய உற்பத்தியைத்தான் நிறுத்துகிறது, பழைய இருப்பைத் துப்புரவுதான் அகற்ற வேண்டும். உலர்ந்த தும்புத்தடி அதைக் கிளப்பிவிடும்; ஈரத்துணியால் துடைப்பது மேல். தூசி உறிஞ்சி வாங்கினால் 0.3 மைக்ரோன் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பின்பக்கம் வழியாகத் தூசி திரும்ப வரும். காற்றுச் சுத்திகரிப்பான் இங்கே இரண்டாம் பட்சம்: உண்ணியின் எச்சம் கனமானது, கிளம்பினாலும் அரை மணிக்குள் கீழே படிந்துவிடும்.

அடைக்க முடியாத லயன் காம்பராவில் அந்தப் பணத்தை மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, சிப் வைத்த உறை வாங்கப் பயன்படுத்துவது மேல். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கலாம். விறகடுப்பு எரியும் வீட்டில் அதற்குத் தனி இயந்திரம் வேண்டியதில்லை. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் சுவரின் கசிவும் பூஞ்சணமும் மெத்தைக்கு ஏறாது.